பேண்டு மாஸ்டரின் முதுகு

கிரேக்கன் வண்டியை விட்டு இறங்கியதும், "ஆர்க்கெஸ்ட்ரா எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டான்.

வேப்பமரத்தடியில் குந்தியிருந்த பன்னிரண்டு பேரைச் சீனிச்சாமி காட்டினான். ஒருவன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தான். இன்னொருவன் பித்தளைக் குழலின் வாய்க்குள் கையை விட்டுச் செத்த பல்லியை எடுத்துக்கொண்டிருந்தான். கிரேக்கன் அவர்களைப் பார்த்தான். பிறகு தான் வந்த வண்டியைப் பார்த்தான். வண்டிக்காரன் அதற்குள் மாட்டை அவிழ்த்துவிட்டிருந்தான்.

சீனிச்சாமி கரட்டுப்பட்டி ஜமீனின் இங்கிலீஷ் ராயசம். கலெக்டருக்கு விண்ணப்பம் எழுதுவான். கலெக்டர் எழுதும் பதிலைக் கசப்பான இடங்களை விட்டுவிட்டு ஜமீன்தாருக்குப் படித்துச் சொல்வான். மதுரையில் மெட்ரிகுலேஷன் தேறியவன். அந்த ஒரு காரணத்தால் ஊரில் எவனையும் மதிப்பதில்லை.

ஜமீனும் பெயருக்குத்தான் ஜமீன். போடிக்குப் பக்கத்தில் சில கிராமங்கள், குரங்கணிக்கு மேலே சரிவில் ஓர் ஏலக்காடு, அவ்வளவுதான். காலையில் அவிழ்த்துவிட்ட ஆடு மேய்ந்துகொண்டே போனால் மத்தியானத்துக்குள் அடுத்தவன் எல்லைக்குள் போய்விடும். அந்த ஜமீனுக்கு ஒரு பேண்டு வேண்டியிருந்தது.

டில்லியில் சக்கரவர்த்திக்கு முடிசூட்டிய வருஷம், மதுரையில் நடந்த கொண்டாட்டத்தில் வேறொரு ஜமீனின் பேண்டை ஜமீன்தார் ஜக்கையர் பார்த்துவிட்டார். அவர்கள் வாசித்தது அவர் காதில் ஏறவில்லை. சரிகை வைத்த சிவப்புக் கோட்டு கண்ணில் ஏறிவிட்டது. ஊர் திரும்பியதும் கோட்டு தைக்கச் சொன்னார். பிறகு வாத்தியம் வாங்கச் சொன்னார். வாத்தியத்துக்கு ஆள் வேண்டும் என்பது கடைசியில்தான் ஞாபகம் வந்தது. நாடகக் கம்பெனி கலைந்து ஊர் வந்து சேர்ந்த கிளாரினெட் வீரையா, பட்டாளத்தில் பியூகிள் ஊதிய இரண்டு பேர், கோட்டு அளவு சரியாக இருந்த மற்றவர்கள் என்று ஒருவழியாகச் சேர்ந்தார்கள். பெரிய டிரம் ஒச்சப்பனுக்குக் கிடைத்தது. அவன் அதுவரை ஏலக்காட்டில் தகரம் தட்டிப் பன்றி விரட்டிக்கொண்டிருந்தவன்.

"வெள்ளைக்கார மாஸ்டர் ஒருத்தன் வேணும்டா," என்றார் ஜக்கையர். "இங்கிலீஷ்காரன் வேணாம். அவன் வந்தா நான் எந்திரிச்சு நிக்கணும்."

சீனிச்சாமி சென்னை வாத்தியக் கடைக்கு எழுதிக் கேட்டான். ஒரு கிரேக்கன் இருப்பதாகப் பதில் வந்தது.

"கிரேக்கன்னா என்னா சாதி?"

"அலெக்சாந்தர் சாதி, மகராசா."

"அவன் நம்ம பக்கம் வந்தானா?"

"பாதி வழியிலயே திரும்பிட்டான்."

"அப்பச் சரி. கொண்டா."

கிரேக்க ராஜாவின் ஆஸ்தான வித்வான் என்று சீனிச்சாமி தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துவிட்டான். சும்மா சேர்க்கவில்லை. பேண்டு தேறினால் மலை மேனேஜர் வேலை அவனுக்கு என்று ஜக்கையர் சொல்லியிருந்தார். குரங்கணிக்கு மேலே ஓட்டு வீடு, ஏறிப்போக ஒரு மட்டக்குதிரை, கீழே நின்று வேலை சொல்ல ஆட்கள். இப்போது அவன் இருப்பது பொட்டிபுரத்தில் அண்ணன் மொக்கச்சாமியின் வீட்டில். அண்ணனுக்கு மிளகாய்த் தோட்டமும் நஞ்சையும் உண்டு, நாக்கும் உண்டு. சீனிச்சாமி கோட்டு மாட்டிக்கொண்டு புறப்படும்போதெல்லாம், "என்ன அப்பு, கோட்டோட மாட்டுக்குத் தண்ணி காட்டப் போறீகளாக்கும்?" என்பான். வீட்டு அடுப்பு மதினியின் கையில் இருந்தது. சீனிச்சாமியின் மனைவி அன்னக்கொடி விறகு எடுத்துக் கொடுப்பாள்.

"மேனேஜர் வீட்டுல எத்தனை அடுப்பு?" என்று அவள் கேட்டாள்.

"ஒண்ணுதேன்."

"போதும். அது எம் அடுப்பா இருந்தாச் சரி. அந்தப் பேண்டுக்காரனை எப்படியாச்சும் ஒப்பேத்திப்புடுங்க. இல்லைன்னா நாளைக்கு நீங்களும் கோட்டைக் கழட்டிப்புட்டு ஒங்க அண்ணனுக்குக் களை வெட்ட வேண்டியதுதேன்."

அம்மையநாயக்கனூர் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் கிரேக்கனை அழைத்துவந்தவனும் சீனிச்சாமிதான். வழி முழுக்கக் கிரேக்கன் தன் கதையைச் சொன்னான். பெயர் ஸ்பிரோஸ் லாந்திஸ். ஊர் வாயில் விழுந்ததும் அது சுப்புராசு ஆகிவிட்டது. கோர்ஃபு என்ற தீவில் பிறந்து நேப்பிள்ஸில் சங்கீதம் படித்தவன். ஏதென்ஸில் அவனை யாரும் வேலைக்கு வைக்கவில்லை. அங்கே இருப்பவர்களுக்குக் காது கிடையாதாம். எகிப்தில் அலெக்சாந்திரியாவில் ஓர் ஆப்பரா கொட்டகையில் வாத்தியக்காரர்களை நடத்தும் இரண்டாவது கண்டக்டராக இருந்தான். முதல் கண்டக்டருக்குக் காய்ச்சல் கண்ட நாட்களில் முதல் கண்டக்டர். அந்த மனுஷனுக்கு அடிக்கடி காய்ச்சல் வராதது இவன் துரதிர்ஷ்டம். பிறகு போர்ட் சையதில் ஓட்டல். சாப்பிடுகிறவர்கள் கரண்டியைத் தாளம் தப்பி வைக்கிறார்கள் என்று சண்டை போட்டு அங்கிருந்து கிளம்பினான். இத்தாலியப் பாட்டுக் கோஷ்டி ஒன்றோடு பம்பாய் வந்தான். முதலாளி வந்த கப்பலிலேயே திரும்பி ஓடிவிட்டான். பெங்களூரில் துரைகளும் துரைசானிகளும் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு விழுந்து எழுந்த ஒரு மைதானத்தின் ஓரத்தில் நின்று வால்ட்ஸ் என்ற ஆட்டப் பாட்டை நடத்தினான். கடைசியாக, சென்னைக் கடையில் பியானோவுக்குச் சுருதி சேர்த்தான்.

ஒவ்வொரு ஊருக்கும் ஒரு படி கீழே இறங்கியிருந்தான். அதை அனுபவம் என்று சொன்னான்.

"நீங்கள் எந்த வாத்தியம் வாசிப்பீர்கள்?" என்று சீனிச்சாமி கேட்டான்.

"நான் வாசிப்பதில்லை. வாசிக்கவைக்கிறேன்."

"எதை வைத்து?"

கிரேக்கன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு வெள்ளைக் குச்சியை எடுத்துக் காட்டினான். சீனிச்சாமி அதை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தான். துளைகூட இல்லை. இருபது வருஷமாக ஒருத்தன் இதை ஆட்டியே சாப்பிட்டிருக்கிறான் என்று நினைத்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு நிம்மதியும் வந்தது. இந்த ஆள் திரும்பிப் போக இடம் இல்லாதவன். என்ன சொன்னாலும் கேட்பான்.

பயிற்சி அரண்மனைக் களத்தில் நடந்தது. அரண்மனை என்பது மாடி வைத்த வீடு. கிரேக்கன் இத்தாலியனிலும் கிரேக்கிலும் திட்டினான். பிறகு சீனிச்சாமிக்காக இங்கிலீஷில் திட்டினான். இவர்கள் மனிதர்கள் இல்லை, கழுதைகள் என்றான்.

"தொரை என்னா சொல்றாரு?" என்று வீரையா கேட்டான்.

"மூச்சைக் கட்டி வாசிக்கணும்ங்கிறார்."

ஒச்சப்பனுக்குக் குச்சியைப் பற்றித்தான் சந்தேகம். "ராயசத்தண்ணே, தொரை எதுக்கு என்னையப் பாத்து அதை ஆட்டுறாரு? ஈ ஓட்டுறாரா?"

"அது இறங்குறப்ப நீ அடிக்கணும்டா."

"நான் அடிச்ச பெறகுதேண்ணே அது எறங்குது. வேணும்னா நீங்க நின்னு பாருங்க."

சீனிச்சாமி நின்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் வேறு வேலை இருப்பதுபோலப் போய்விட்டான்.

மழைக்காலம் முடிவதற்குள் பட்டாள நடைக்கான ஒரு மார்ச்சும் அரை வால்ட்ஸும் தேறின. மலையில் புதிதாகக் கட்டிய ஏலக்காய் உலர்த்தும் கொட்டடியைத் திறந்துவைக்கக் கலெக்டர் வருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அதற்கு முன்னால் தான் ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று ஜக்கையர் சொன்னார். களத்தில் நாற்காலி போட்டார்கள். ஜக்கையர் உட்கார்ந்தார். ஊரே சுற்றி நின்றது. சிவப்புக் கோட்டில் பன்னிரண்டு பேரும் வியர்த்துப்போய் நின்றார்கள்.

கிரேக்கன் நடந்து வந்தான். ஜக்கையரைப் பார்த்து இடுப்பு வரை குனிந்தான். அவர் முகம் மலர்ந்தது. பிறகு கிரேக்கன் திரும்பி, முதுகை அவருக்குக் காட்டிக்கொண்டு குச்சியைத் தூக்கினான்.

கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. அந்த ஜமீனில் யாரும் ஜக்கையருக்கு முதுகு காட்டியதில்லை. விடைபெறுகிறவர்கள் வாசல் வரை பின்னாலேயே நடந்து போவார்கள். போன வருஷம் கணக்குப்பிள்ளை அப்படி நடந்து கிணற்றுத் திட்டில் மோதி விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டார். விழும்போதும் முகத்தைத் திருப்பவில்லை.

பேண்டு மார்ச்சை ஆரம்பித்துவிட்டது. ஜக்கையர் எழுந்து உள்ளே போனார்.

சீனிச்சாமி பின்னாலேயே ஓடினான்.

"என்னடா அது? முதுகைக் காட்டுறான்?"

"மகராசா முகத்தைப் பாக்கக் கண்ணு கூசுதாம்."

"கூசினா மூடிக்கிறட்டும். முதுகை ஏன்டா காட்டுறான்? கலெக்டர் முன்னாடி இப்படி நின்னான்னா என் மருவாதி என்னாகுறது? வெள்ளைக்காரனைக் கூட்டியாந்து எனக்கு முதுகு காட்டவச்சேன்னு மதுரை வரைக்கும் சிரிப்பாங்க. அவன் என்னையப் பாத்து நிக்கணும். நின்னா ஒனக்கு மலை. நிக்கலைன்னா ஒங்க அண்ணன் தோட்டம்."

சீனிச்சாமி களத்துக்குத் திரும்பினான். கிரேக்கன் குச்சியை உறையில் போட்டுக்கொண்டிருந்தான்.

"ராஜா ஏன் போய்விட்டார்?"

"நீங்கள் முதுகு காட்டினீர்கள்."

"ஆமாம். உலகத்தில் ராஜாவுக்கு முதுகு காட்டலாம் என்று அனுமதி உள்ள ஒரே ஆள் கண்டக்டர். எகிப்தில் மந்திரிகளுக்கு என் முதுகைக் காட்டியிருக்கிறேன். பாஷாக்களுக்குக் காட்டியிருக்கிறேன். என் முதுகைப் பார்க்கச் சீட்டு வாங்கினார்கள்."

"இங்கே வாங்க மாட்டார்கள்."

"அப்படியானால் உன் ராஜா காட்டுமிராண்டி."

தொலைவில் மாடி ஜன்னலில் ஜக்கையர் தலை தெரிந்தது. "என்னடா சொல்றான்?" என்று கத்தினார்.

"வருத்தப்படுறார், மகராசா!" என்று சீனிச்சாமி கத்தினான்.

ஒரு வழி செய்து பார்த்தார்கள். ஜக்கையரின் நாற்காலியைப் பேண்டுக்குப் பின்னால் போட்டார்கள். அப்போது கிரேக்கன் முகம் அவரைப் பார்த்திருக்கும். ஆனால் பன்னிரண்டு முதுகுகளும் அவர் பக்கம் திரும்பிவிட்டன. ஒச்சப்பன் டிரம்மைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டான்.

"ராசாவுக்கு முதுகக் காட்டிப்புட்டு நான் ஊருக்குள்ள நடக்கவா? எம் பொண்டாட்டி சோறு போட மாட்டா. தொரைக்கென்ன, பொண்டாட்டியா புள்ளையா!"

பக்கவாட்டில் நிற்கச் சொன்னதற்குக் கிரேக்கன், தான் சுவரில் ஒட்டிய சித்திரம் இல்லை என்றான். மிச்சம் இருந்தது ஒன்றுதான். கிரேக்கன் முன்னால் நின்று ஜக்கையரைப் பார்த்துக் குச்சியை ஆட்ட வேண்டும். பேண்டு அவன் முதுகுக்குப் பின்னால் நின்று வாசிக்க வேண்டும். இதைச் சொன்னதும் கிரேக்கன் அன்று முழுவதும் சீனிச்சாமியோடு பேசவில்லை. தன் கலை, தன் குரு, தன் தீவு என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தான்.

ஜக்கையர் அவனுக்குப் பிராந்தியை நிறுத்தினார். கலை கொஞ்சம் தளர்ந்தது. கோழியையும் நிறுத்தி, ரசமும் சோறும் அனுப்பினார். குருவும் போனார், தீவும் போயிற்று.

"என் முதுகுக்குப் பின்னால் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?" என்று கடைசியாகக் கேட்டான்.

"முன்னால் நிற்கும்போது மட்டும் தெரிந்ததா?" என்றான் சீனிச்சாமி.

கிரேக்கன் ஒப்புக்கொண்டான். அன்று மாலையே கோழி வந்தது. அவன் எலும்பு வரை கடித்தான். கொள்கை என்பது வயிறு நிறைந்தவனின் பொழுதுபோக்கு என்று சீனிச்சாமி முன்பே நினைத்திருந்தான். இப்போது அது நிச்சயமாயிற்று. இவ்வளவுதானா வெள்ளைக்காரன் என்று அவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கலெக்டர் வரும் நாளில் விடிந்ததிலிருந்து மலையேறினார்கள். கலெக்டரும் அவர் மனைவியும் குதிரையில் போனார்கள். ஜக்கையர் பல்லக்கில் போனார். கிரேக்கன் நடந்தான். குரங்கணி தாண்டியதும் மழை தூறியது. ஏலக்காட்டு நிழலுக்குள் நுழைந்தபோது எல்லார் காலிலும் அட்டை ஏறியிருந்தது. ஈரத்தில் டிரம்மின் தோல் தொய்ந்துவிட்டது. புதுக் கொட்டடிக்குள் காய் உலர்த்துவதற்காக மூட்டியிருந்த தீயில் ஒச்சப்பன் அதைக் காட்டி விறைப்பாக்கினான். ஏலக்காய் வாசனையோடு வெளியே வந்தது டிரம்.

"கலெக்டரு பொண்டாட்டிக்குத் தும்மல் வரப்போகுதுடா," என்றான் வீரையா.

"வரட்டும். தாளத்துல வரணும். இல்லைன்னா சுப்புராசு கோவிச்சுக்குவாரு."

கொட்டடி வாசலில் நாற்காலிகள் கிடந்தன. நடுவில் கலெக்டர், ஒரு பக்கம் அவர் மனைவி, மறுபக்கம் ஜக்கையர். பின்னால் பக்கத்து எஸ்டேட் துரைகள் இருவர். சீனிச்சாமி கலெக்டருக்கும் ஜக்கையருக்கும் நடுவில் கொஞ்சம் பின்தள்ளி நின்றான். இருவர் பேச்சையும் மாற்றிச் சொல்ல வேண்டியவன் அவன்தான். மேலே சரிவில் மேனேஜர் வீட்டின் ஓடு மழையில் நனைந்து தெரிந்தது. அவன் அதை ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

கிரேக்கன் வந்தான். குனிந்தான். திரும்பவில்லை. பன்னிரண்டு பேருக்கு முன்னால், நாற்காலிகளைப் பார்த்தபடி குச்சியைத் தூக்கினான்.

கை இறங்குவதற்கு முன்பே ஒச்சப்பன் அடித்துவிட்டான். மார்ச் கிளம்பியது. யாரும் யாரையும் பார்க்காமல் வாசித்தார்கள். டிரம் மட்டும் காட்டில் பன்றி விரட்டுவதுபோல நிதானமாக விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். பயிற்சியில் வாசித்ததைவிட மோசமாக இல்லை. சொல்லப்போனால் கொஞ்சம் மேலாகவே இருந்தது.

கிரேக்கன் காற்றில் குச்சியை ஆட்டினான். ஆட்டிக்கொண்டே எதிரில் இருந்தவர்களைப் பார்த்தான். அவன் தன் தொழிலில் வாசிப்பவர்கள் முகத்தைத்தான் பார்த்திருக்கிறான். கேட்பவர்கள் முகத்தைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கலெக்டர் தலையைப் பின்னால் திருப்பி, எஸ்டேட் துரையிடம் சிறுத்தை சுட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கலெக்டரின் மனைவி பூட்ஸின் விளிம்பில் விரலை விட்டு அட்டையைத் தேடினாள். இன்னொரு துரை கொட்டாவி விட்டான். வாயை மறைக்கவும் இல்லை. ஜக்கையர் கலெக்டரின் காதையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்தக் காது மகிழ்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக.

கிரேக்கனின் கை மெதுவாக நின்றது. பேண்டு நிற்கவில்லை. அவன் நின்றுவிட்டான் என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்தாலும் கவலையில்லை. அவன் குச்சியைக் கோட்டுக்குள் செருகினான். இரண்டு கைகளையும் மார்பின் மேல் கட்டிக்கொண்டான். முகவாயைத் தூக்கி, நாற்காலிகளில் இருந்த ஒவ்வொருவரையும் வரிசையாகப் பார்த்தான். காறித் துப்புவதற்கு முன்னால் பார்க்கிற பார்வை.

சீனிச்சாமி மேலே சரிவைப் பார்த்தான். ஓட்டு வீடு மஞ்சு மூட்டத்துக்குள் மறைந்துகொண்டிருந்தது.

ஜக்கையர் அவன் வேட்டியைப் பிடித்து இழுத்தார்.

"பாத்தியாடா! பாத்தியா! கைகட்டி நிக்கிறாண்டா. கலெக்டருக்கு முன்னாடி, எனக்கு! வெள்ளைக்காரன்!"

கலெக்டரும் இப்போதுதான் கவனித்தார். "அந்த ஆள் ஏன் நிறுத்திவிட்டான்? கோபமா?"

"இல்லை சார்," என்றான் சீனிச்சாமி. நாக்கு தானாகவே வேலை செய்தது. "இந்தப் பக்கத்து வழக்கம். பெரியவர்கள் முன்னால் மரியாதை."

"அப்படியா! ஓர் ஐரோப்பியன் இதையெல்லாம் கற்றுக்கொண்டானா, பாவம்." அவர் சிறுத்தைக்குத் திரும்பினார்.

"தொரை என்னா சொல்றாரு?"

"மெச்சுறார், மகராசா. இப்படி ஒரு மருவாதியை எங்கயும் பாத்ததில்லையாம்."

ஜக்கையர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மார்ச் முடிந்தது. அரை வால்ட்ஸும் முடிந்தது. கலெக்டர் தனக்காக மறுபடி பூட்டிவைத்த கொட்டடியைத் திறந்தார், தும்மினார், வாழ்த்தினார், எஸ்டேட் துரைகளோடு சாப்பிடப் போய்விட்டார். சீனிச்சாமி கிரேக்கனைத் தேடினான். கொட்டடிக்குப் பின்னால் விறகுக் குவியல் மேல் உட்கார்ந்து காலிலிருந்து அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. அப்படி அவனைச் சீனிச்சாமி பார்த்ததில்லை.

"அவர்களுக்குப் புரிந்ததா?" என்று கேட்டான்.

"புரிந்தது," என்றான் சீனிச்சாமி.

"அலெக்சாந்திரியாவிலும் இப்படித்தான் இருந்திருப்பார்களா? என் முதுகுக்குப் பின்னால்?"

"அங்கே அட்டை இருக்காதே."

கிரேக்கன் சிரித்தான். "இருபது வருஷம் அவர்களுக்காகக் கையை ஆட்டினேன். இன்றைக்குத்தான் சரியானதைச் செய்தேன். அதை உங்களிடம்தான் கற்றுக்கொண்டேன், தெரியுமா?"

"எங்களிடமா?"

"வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். உன் ராஜா பேசும்போது நீங்கள் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறீர்கள். டிரம்காரன், சமையல்காரன், நீ. எங்கள் ஊரில் ஒருவன் முகத்துக்கு நேரே கைகட்டி நின்றால், நீ எனக்குத் தூசு என்று பொருள். ஒளிவு மறைவே இல்லை. முதலில் உங்களைக் கழுதைகள் என்று நினைத்தேன். பிறகு புரிந்தது. என்ன நெஞ்சழுத்தம்! ஒரு தேசம் முழுக்க ஒரு ராஜாவை அவன் முகத்துக்கு நேரே அவமதிக்கிறது. அவனும் பொறுத்துக்கொண்டு சோறு போடுகிறான். அது மாதிரி ஒன்றை நான் ஐரோப்பாவில் கண்டதில்லை."

சீனிச்சாமி வாயைத் திறந்தான். இவனைப் போல ஒரு முட்டாளை எந்தக் கப்பலும் இதுவரை ஏற்றியிருக்காது என்று தோன்றியது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தத் தெளிவு முகத்திலிருந்து வழிந்துவிடும். சொல்வதற்கு ஆசையாகவும் இருந்தது. ஆனால் சொன்னால் இவன் அடுத்த தடவை என்ன செய்வானோ. திரும்பி நின்றுவிட்டால்?

"ஆமாம்," என்றான். "எங்கள் வழக்கம்."

ஜக்கையர் கூப்பிடுவதாக ஆள் வந்து சொன்னான்.

கொட்டடி வாசலில் அதே நாற்காலியில் அவர் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். வீரையாவும் ஒச்சப்பனும் மற்றவர்களும் ஓரமாகக் கைகட்டி நின்றார்கள். கிரேக்கன் வந்து அவர்களுக்கு எதிரே நின்றான். உடனே அவனும் கைகளைக் கட்டிக்கொண்டான். ஜக்கையருக்குப் பெருமை தாங்கவில்லை.

"சீனி, அவன்கிட்டச் சொல்லு. இனிமே எந்த விசேசம்னாலும் இப்படியே நிக்கட்டும். அந்தக் குச்சி வேணாம். அதுல ஒண்ணும் இல்லை. கையக் கட்டி நின்னாப் போதும். இருக்கிற வரைக்கும் சோறு, பிராந்தி, கோழி எல்லாம் நம்மளோடது."

சீனிச்சாமி கிரேக்கன் பக்கம் திரும்பினான். "ராஜா பயந்துபோயிருக்கிறார். இனி நீங்கள் குச்சியை எடுக்க வேண்டியதில்லை. உங்கள் இஷ்டப்படி நிற்கலாம். சாகும் வரை சாப்பாடு உண்டு."

"கோழி?"

"கோழியும் உண்டு."

கிரேக்கன் ஜக்கையரை ஒரு பார்வை பார்த்தான். தன்னை அவமதிக்கிறவனுக்குச் சம்பளம் கொடுக்கும் அந்த மனிதன் மேல் அவனுக்கு எல்லையில்லாத இளக்காரம். ஜக்கையர் அந்தப் பார்வையை நன்றி என்று எடுத்துக்கொண்டு தலையை அசைத்தார்.

சீனிச்சாமி தொண்டையைச் செருமினான். "மகராசா, மலை மேனேஜர் சோலி..."

"மலையா?" ஜக்கையர் எச்சிலைத் துப்பினார். "நீ மலைக்கு வந்துட்டா அவன்கிட்ட யாருடா பேசுறது? இன்னைக்குக் கலெக்டர் கேட்டப்ப நீ பக்கத்துல இல்லைன்னா என்னா ஆயிருக்கும்? மலைக்கு எவன் வேணா போவான். ஒன்னைய மாதிரி ஆளு கெடைப்பானா? நீ கீழேயே இரு. அவன் இருக்கிற வரைக்கும் நீயும் அவன் கூடவே இரு."

"மகராசா, வீட்டுல எம் பொண்டாட்டி தனி அடுப்பு வேணும்னு..."

"பொம்பளை சொல்லுறதைக் கேட்டு மலை ஏறுவியாக்கும்? போடா, கிறுக்கா."

வீரையா இருமினான். ஒச்சப்பன் தரையைப் பார்த்தான். மஞ்சு இறங்கிச் சரிவும் வீடும் இருந்த இடமே தெரியாமல் போயிருந்தது. கிரேக்கனுக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது, பல் எல்லாம் உறுதியாக இருக்கிறது, இவன் சுலபத்தில் சாகமாட்டான் என்று சீனிச்சாமி கணக்குப் போட்டான். அன்னக்கொடியிடம் இன்று மாலை என்ன சொல்வது என்று யோசித்தான். அண்ணன் கேட்கப்போகும் கேள்வி இப்போதே காதில் விழுந்தது.

இடுப்புத் துண்டை இறுக்கிக்கொண்டான். ஜமீன்தார் முன்னால் எத்தனையோ வருஷமாக நிற்கும் நிலையில் நின்றான், கைகட்டி.

எதிரே கிரேக்கன் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் முதல்முறையாகச் சீனிச்சாமி மேல் ஒரு மதிப்புத் தோன்றியது. யாருக்கும் தெரியாமல் கண்ணைச் சிமிட்டி, சபாஷ் என்பதுபோலத் தலையை ஆட்டினான்.

ஜக்கையரும் பார்த்தார். அவருக்கும் திருப்தி.